கேம்ல பேசினதுக்கா கேஸ்?

2021 ஜூனில், பப்ஜி விளையாடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டியபடியே ஆபாசமாகப் பேசிவந்த ஒருவரைத் தமிழ்நாட்டுப் போலீஸ் கைது செய்தது. லட்சக்கணக்கான பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. என் சித்தி மகன் அப்போது ஒன்பதாவது. செய்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: “அண்ணா, கேம்ல பேசினதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?”

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி அவனைவிட வயதில் மூத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். பெயர் மட். பலர் ஒரே சமயத்தில் நுழைந்து உலவக்கூடிய ஒரு கற்பனை நிலம். 1980இல் அது ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, திரையில் எழுத்து மட்டும்தான். வடக்கே போவதென்றால் டைப் செய்ய வேண்டும். ஒருவரைக் குத்துவதென்றாலும் டைப், வணக்கம் சொல்வதென்றாலும் டைப். சொல்லும் செயலும் அங்கே ஒரே பொருளால் ஆனவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட வருகிறவர்களை அதில் சீட்டுக்கட்டு போல நாலாகப் பிரித்தார். புள்ளி சேர்க்க வருபவர் டைமன், இடம் சுற்றிப் பார்க்க வருபவர் இஸ்பேடு, பேசிப் பழக வருபவர் ஆட்டின், அடுத்தவரைச் சீண்ட வருபவர் கிளாவர். இந்தக் கடைசி ரகத்துக்கு மற்றவர்கள் இருந்தே ஆக வேண்டும். யாருமில்லாத ஊரில் யாரை வம்புக்கு இழுப்பது?

மட்டின் வம்சத்தில் வந்ததுதான் லாம்ப்டாமூ. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணிபுரிந்த பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கியது. கறாராகப் பார்த்தால் அது விளையாட்டே இல்லை. ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே கிடையாது, ஒரு பெரிய வீடு இருக்கும், அவ்வளவுதான். கர்ட்டிஸ் தன் சொந்த வீட்டை மாதிரியாக வைத்து எழுதியது. புதிதாக நுழைகிறவர் முதலில் நிற்பது கோட் மாட்டும் அலமாரிக்குள். கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் எப்போதும் யாராவது அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆணா பெண்ணா இரண்டுமில்லையா என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பொய் சொல்லலாம்.

1993 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை இரவு அந்தக் கூடத்துக்கு மிஸ்டர் பங்கிள் என்ற கோமாளி வந்தான். அவனிடம் ‘வூடு பொம்மை’ என்றொரு சிறு நிரல் இருந்தது. அதை வைத்து அடுத்தவர் செய்ததாகத் தான் விரும்பியதையெல்லாம் எழுதலாம். கூடத்தில் இருந்தவர்களில் லெக்பா என்ற பாத்திரம் உட்படச் சிலரைக் குறிவைத்து, அவர்களே விரும்பிச் செய்வதுபோலப் பாலியல் வன்முறைக் காட்சிகளை வரி வரியாக எழுதித் தள்ளினான். அந்த வரிகள் எல்லோர் திரையிலும் ஓடின. தங்கள் பெயரில் நடப்பதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. பழைய உறுப்பினர் ஒருவர் வந்து ஒரு கற்பனைத் துப்பாக்கியால் அவனைக் கூண்டுக்குள் அடைத்த பிறகுதான் நின்றது.

‘திரையை அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அன்று பலரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனா, தெருவில் கேவலமாகத் திட்டு வாங்கியவரிடம் போய் ‘காதைப் பொத்தியிருக்கலாமே’ என்று சொல்வோமா? லெக்பாவை இயக்கியவர் சியாட்டிலில் இருந்த ஒரு பெண். மறுநாள் அங்கிருந்த பொது விவாதப் பலகையில் நிதானமாகத்தான் எழுதினார். எழுதும்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது என்று பின்னர் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெலிடம் சொல்லியிருக்கிறார். 1993 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் டிபெல் இதைக் கட்டுரையாக எழுதியதால்தான் நமக்கு இன்று இந்தக் கதை கிடைத்திருக்கிறது.

லெக்பா கேட்டது ஒன்றுதான்: அவனைத் தேரையாக்க வேண்டும். பழைய மட் உலகங்களில் குற்றம் செய்தவரை மந்திரவாதி தேரையாக மாற்றிவிடுவாராம். லாம்ப்டாமூவில் அதற்கு அர்த்தம் ஆளையே அழித்துவிடுவது. இதில் ஒரு சிக்கல். சில மாதங்களுக்கு முன்புதான் அங்கே ‘மந்திரவாதி’ என்றழைக்கப்பட்ட நிர்வாகிகள், ‘இனி உங்கள் சண்டைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் எந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அறிவித்து ஒதுங்கியிருந்தார்கள். எனவே யாருக்கு அதிகாரம் என்று பேச ஊர்க்கூட்டம் கூடியது. சுமார் முப்பது பேர். பங்கிளும் வந்தான்! ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, சும்மா ஒரு மனப்பரிசோதனை என்ற பாணியில் பதில் சொன்னான். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மந்திரவாதி யாரையும் கேட்காமல் அவனை அழித்தார். பயணம் முடிந்து திரும்பிய கர்ட்டிஸ், இனி உறுப்பினர்கள் மனுப்போட்டு வாக்களித்து முடிவெடுக்கலாம் என்று முறை கொண்டுவந்தார். ஒரு கோமாளி வந்துபோனதில் ஓர் ஊருக்குச் சட்டமன்றம் கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1996இல் மந்திரவாதிகள் ‘ஒதுங்கியிருக்க முடியவில்லை’ என்று ஒப்புக்கொண்டு திரும்ப வந்தார்கள்.

டிபெல் பிற்பாடு எழுதிய புத்தகத்தில்தான் என்னை அதிரவைத்த தகவல் வருகிறது. பங்கிள் தனி ஆள் இல்லை. நியூயார்க்கில் ஒரு மாணவர் விடுதியில், ஒருவன் டைப் செய்ய, சுற்றி நின்றவர்கள் ‘இப்படி எழுது, அப்படி எழுது’ என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சிரிப்பு. யூடியூப் நேரலையில் ஒருவர் திட்டத் திட்ட, கீழே சிரிப்புப் பொம்மைகளைத் தட்டிவிடும் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் புதிதாகவே தெரியவில்லை.

பேச்சையே எடுத்துவிட்டால் என்ன? 2012இல் வந்த ‘ஜர்னி’ அதைச் செய்துபார்த்தது. பாலைவனத்தில் முகமறியாத இன்னொருவர் கூட வருவார். பேச முடியாது, பறவை மாதிரி ஒரு ஒலி மட்டும் எழுப்பலாம். பெயரே கடைசியில்தான் தெரியும். உருவாக்கும்போது ஆட்கள் ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி விளையாடியதால், மோதித் தள்ளும் வசதியையும் நீக்கிவிட்டார்கள். அழகான விளையாட்டு. ஆனா நார்வேக்காரர் மாட்ஸ் ஸ்டீனுக்கு அது போதியிருக்காது.

மாட்ஸுக்குத் தசைகள் மெல்லச் செயலிழக்கும் டூஷென் நோய். 2014 நவம்பரில் இறந்தபோது வயது 25. கடைசி ஆண்டுகளின் பெரும்பகுதியை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் கழித்தார். பையனுக்கு நட்பு, காதல் எதுவும் வாய்க்கவில்லையே என்று பெற்றோருக்குத் தீராத வருத்தம். அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டு, அப்பா தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். கடிதங்கள் வரத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து, அவர்கள் கேள்விப்பட்டே இராதவர்களிடமிருந்து. எல்லோரும் ஐபெலின் என்ற ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். மாட்ஸின் விளையாட்டுப் பெயர் அது. இறுதிச் சடங்குக்குச் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள்.

அவர் இருந்த ‘ஸ்டார்லைட்’ கில்டு உரையாடல்களைச் சேமித்துவைத்திருந்தது. 42,000 பக்கம். அதை வைத்துத்தான் பெஞ்சமின் ரீ 2024இல் ஆவணப்படம் எடுத்தார். படத்தில் மாட்ஸ் புனிதர் இல்லை. எரிந்து விழுகிறார், நண்பர்களைப் புண்படுத்துகிறார். நோயைப் பல வருஷம் மறைத்தார். சக்கர நாற்காலியை யாரும் முதலில் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தார். பங்கிள் ஒளிந்துகொண்ட அதே திரைதான் இவருக்கும் அந்த வசதியைக் கொடுத்தது.

கில்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். ஆட்டிசம் உள்ள அவருடைய மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. விளையாட்டுக்குள் போய் அவனோடு பழகிப் பாருங்கள் என்றார் மாட்ஸ். அம்மா போனார். அங்கே மகன் அம்மாவைக் கட்டிப்பிடித்தான், எழுத்தில். நிஜத்தில் கட்டிப்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது கல்லூரிக்குப் போகும் சித்தி மகனிடம் போன மாதம் இதையெல்லாம் சொன்னேன். பங்கிளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த கில்டு இன்னும் இருக்கா அண்ணா?” என்றான்.

“இருக்குடா,” என்றேன்.