ஊரை உயர்த்திய உழவர்

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற யப்பான், 1946ஆம் ஆண்டில் புதிய ஒரு யென் நாணயத்தாளை வெளியிட்டது. அதிற் பொறிக்கப்பட்டிருந்த உருவம் வாளேந்திய வீரருடையதன்று, பேரரசருடையதுமன்று. விறகு விற்றும், தரிசைத் திருத்தியும், வட்டியின்றிக் கடன் கொடுத்தும், பாழடைந்த ஊர்களை மீண்டும் வாழவைத்த ஓர் உழவரின் உருவமே அது. அவர் பெயர் நினோமியா சொந்தோக்கு. நொந்து கிடந்த ஒரு நாடு இத்தகைய ஒருவரைத் தன் கண்முன் நிறுத்திக்கொண்டதன் காரணத்தை அவர்தம் வாழ்க்கையே விளக்கும்.

சொந்தோக்கு 1787ஆம் ஆண்டிலே, ஒடவாரா என்னும் சிற்றரசைச் சார்ந்த கயாமா என்ற சிற்றூரிற் பிறந்தார். இளமையில் அவருக்கு வழங்கிய பெயர் கின்ஜிரோ. ஓரளவு நிலபுலம் உடைய குடும்பந்தான். ஆயினும், 1791இல் சக்காவா ஆறு பெருகிக் கரையை உடைத்துக்கொண்டு வந்து, அவர்களுடைய வயல்களை மணலாலும் கல்லாலும் மூடிவிட்டது. அன்று தொடங்கிய வறுமை தீரவில்லை. 1800இல் தந்தை காலமானார். ஈராண்டு கழியத் தாயும் மறைந்தார். தம்பியர் இருவரையும் உறவினர் ஏற்றனர். மூத்தவராகிய கின்ஜிரோ பெரியப்பன் வீட்டிற் சேர்ந்தார்.

பகலெல்லாம் வயல் வேலை. இரவிலே விளக்கேற்றி நூல்களைப் படித்தார். உழவனுக்குப் படிப்பு எதற்கு, எண்ணெயை வீணாக்காதே என்று பெரியப்பன் கடிந்துகொண்டார். சிறுவர் எதிர்த்துப் பேசவில்லை. கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய் வித்துச் சிறிதளவு பெற்று, எவரும் பயன்படுத்தாத ஆற்றோரத்தில் விதைத்தார். விளைந்ததைக் கொடுத்து எண்ணெய் வாங்கினார். நடவு முடிந்தபின் பிறர் எறிந்துவிட்ட நெல் நாற்றுக்களைப் பொறுக்கி, வெள்ளத்திற் கைவிடப்பட்ட ஒரு பள்ளத்திலே நட்டார். அவ்வாண்டு அப்பள்ளம் ஒரு மூடை நெல் தந்தது. சிறிது சிறிதாகச் சேர்வதே பெரிதாகும் என்னும் உண்மையை அவர் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. அந்த ஒரு மூடை நெல்லிற் கண்டறிந்தார்.

இங்கே அவருடைய கூர்மையான கணக்கறிவையும் நோக்குதல் வேண்டும். விளைநிலத்துக்கு வரி உண்டு. கைவிடப்பட்ட நிலத்தைத் திருத்தினால் சில ஆண்டுகளுக்கு வரியில்லை. ஆகவே பாழ்நிலத்தில் இட்ட உழைப்பு முழுவதும் உழைத்தவனுக்கே திரும்பி வந்தது. அவ்வருவாயைக் கொண்டு அவர் 1806இல் தந்தையின் வீட்டைப் புதுப்பித்துக் குடிபுகுந்தார். விறகு விற்றார், நெல்லை விலையறிந்து விற்றார், கூலிக்கும் சென்றார். ஈடுவைத்து இழந்த வயல்களை ஒவ்வொன்றாக மீட்டு, 1810 அளவில் ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் நிலத்துக்கு உரியவரானார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது.

தம் வாழ்வை நிமிர்த்திய அளவிலே அவர் நின்றிருப்பாராயின், கயாமாவில் வாழ்ந்த நல்ல குடியானவர் ஒருவராகவே மறைந்திருப்பார். ஒடவாராச் சிற்றரசின் முதன்மை அதிகாரியான ஹத்தோரி என்பவரின் வீடு கடனில் மூழ்கியிருந்தது. அவ்வீட்டுக் கணக்கைச் சீர்செய்யும் பொறுப்பு 1818இல் இவ்வுழவரிடம் வந்தது. அடுக்களையிலே எரிக்கும் விறகிற் கூடச் சிக்கனம் வேண்டும் என்றார். மிச்சம் பிடித்த விறகைப் பணியாளரிடமிருந்து தாமே விலைகொடுத்து வாங்கி, சிக்கனத்தின் பயன் சிக்கனம் செய்தவர்க்கே சேருமாறு ஏற்பாடு செய்தார்.

1820ஆம் ஆண்டில் அவர் சிற்றரசின் பணியாளர்களுக்கென ஒரு கடன் நிதி ஏற்படுத்தினார். ஒருவர்க்கொருவர் நம்பிக்கையே அதற்குப் பிணை. பின்னாளில் அவர் கொடுத்த கடன்களுக்கும் வட்டி இல்லை. ஐந்து ஆண்டுகளில் முதலைத் தவணையாகக் கட்டி முடித்தவர், ஆறாம் ஆண்டும் ஒரு தவணைத் தொகையை நன்றியாக நிதிக்கு அளிப்பார். அத்தொகை அடுத்த ஏழைக்குக் கடனாகப் போகும். இங்கிலாந்தின் றொச்டேல் நெசவாளர் 1844இல் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே, கீழைத் தேயத்து உழவர் ஒருவர் இவ்வாறு சிந்தித்தார். நமது கிராமங்களின் ஐக்கிய நாணய சங்கங்களை அறிந்தவர்க்கு இதன் பெருமை எளிதில் விளங்கும்.

ஒடவாராவின் தலைவரான ஒக்குபோ தடசானே, இவரது ஆற்றலைக் கேள்வியுற்று ஒரு கடினமான பணியை ஒப்படைத்தார். ஒக்குபோ மரபின் கிளைக்குடும்பம் ஒன்றுக்குரிய சகுராமாச்சி என்ற பகுதி, பெயரளவில் 4,000 கொக்கு விளைவுடையது. ஒரு கொக்கு என்பது ஓராள் ஓராண்டு உண்ணும் அரிசியின் அளவு. ஆனால் அங்கே வயல்கள் காடாகிவிட்டன, குடிகள் ஓடிவிட்டனர், எஞ்சியவர்கள் சூதிலும் சச்சரவிலும் காலங்கழித்தனர். முன்னர் அனுப்பப்பட்ட அதிகாரிகள் பொருள் கொடுத்தும் பயன்பெறாது திரும்பினர். சொந்தோக்கு அங்கு சென்று வீடுவீடாக ஆராய்ந்தபின், பொருளுதவி வேண்டாம் என்றார். வெளியிலிருந்து பணம் வந்தால் அதைப் பங்கிடுவதிலேயே ஊர் பிளவுபடும். பாழ்நிலத்தின் விளைவைக் கொண்டே பாழ்நிலத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. நிலவுடைமைக் குடும்பம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 மூடை நெல்லோடு தன் செலவை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விளைவது யாவும் ஊருக்கே உரியது. இவ்வெல்லைக்கு அவர் இட்ட பெயர் 'புந்தோ'. எல்லைக்குள் வாழ்ந்து மிஞ்சியதைப் பிறர்க்கும் வருங்காலத்துக்கும் விட்டுக்கொடுப்பது 'சுயிஜோ'. இவ்விரண்டும் அவருடைய கோட்பாட்டின் இரு தூண்கள்.

1823ஆம் ஆண்டில் அவர், தாம் அரும்பாடுபட்டு மீட்ட வீட்டையும் வயல்களையும் விற்று, மனைவியோடும் குழந்தையோடும் சகுராமாச்சிக்குக் குடிபெயர்ந்தார். விடியுமுன் எழுந்து ஊரைச் சுற்றிவருவார். நன்கு உழைப்பவர் யாரென்பதை ஊராரே வாக்களித்துத் தெரிவுசெய்தனர். தெரிவானவர்க்கு மண்வெட்டியும் அரிவாளும் பரிசாயின. அவருடைய மாணாக்கர் தொமித்தா எழுதிய வரலாற்றிலே ஒரு செய்தி உண்டு. தரிசு வெட்டும் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர், மற்றவர்கள் வெறுத்து ஒதுக்கிய மரவேர்களை மாத்திரமே நாள் முழுதும் தோண்டிக்கொண்டிருந்தார். நிலம் வெட்டிய பரப்பைக் கொண்டு அளந்தால் அவர் வேலை மிகக் குறைவு. ஆயினும் வேர்கள் அகன்றதனாலேயே மற்றவர்கள் விரைந்து வெட்ட முடிந்தது என்பதைச் சொந்தோக்கு கண்டார். கூலிக்கு மேல் பதினைந்து பொற்காசுகளை அம்முதியவருக்கு அளித்தார். மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் விரைந்து வெட்டிக் காட்டிய மற்றொருவனோ கண்டிக்கப்பட்டான்.

எதிர்ப்பும் எழாமலில்லை. உழவன் ஒருவன் தமக்கு விதி வகுப்பதா என்று ஒடவாராவிலிருந்து வந்த அதிகாரிகள் சினந்தனர். ஊராருட் சிலரும் அவர்களோடு சேர்ந்து முறையிட்டனர். மனம் நொந்த சொந்தோக்கு 1829இல் எவர்க்கும் கூறாது ஊரை விட்டு நீங்கி, நாரித்தா ஆலயத்தில் இருபத்தொரு நாள் உண்ணா நோன்பிருந்தார். அவர் இல்லாத வேளையிலேதான் அவருடைய அருமையை ஊர் உணர்ந்தது. திரும்பி வந்தவரை மக்கள் எதிர்கொண்டு அழைத்தனர். அதன்பின் பணி தடையின்றி நடந்தது.

1833ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் உணவில் இட்ட கத்தரிக்காய், இலையுதிர் காலத்துக் காயின் சுவையோடு இருந்தது. வெயில் குன்றப் போகிறது, நெல் பொய்க்கும் என்று அவர் முடிவுசெய்தார். குதிரைவாலி குளிரைத் தாங்கும் தானியம். ஆகவே ஒவ்வொரு வீடும் ஒரு பங்கு நிலத்தில் அதனை விதைக்க வேண்டும், அந்நிலத்துக்கு வரியில்லை என்று அறிவித்தார். அவர் எண்ணியவாறே குளிர் வந்தது. அதனைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் யப்பானின் வடபகுதியெங்கும் பெரும் பஞ்சம் பரவியது, எண்ணற்றோர் மாண்டனர். சகுராமாச்சியிலோ பட்டினியால் எவரும் இறக்கவில்லை.

1837இல் ஒடவாராவும் பஞ்சத்தில் வாடிற்று. களஞ்சியத்தைத் திறப்பதா வேண்டாமா என்று அதிகாரிகள் வாதித்துக்கொண்டிருந்தனர். முடிவு காணும்வரை நாம் எவரும் உண்ணாதிருந்து ஆலோசிப்போம் என்றார் சொந்தோக்கு. களஞ்சியம் உடனே திறந்தது எனத் தொமித்தா எழுதுகிறார்.

அவ்வாண்டிலேயே தடசானே காலமானார். செலவுக்கு எல்லை கட்டுவதை விரும்பாத ஒடவாரா அதிகாரிகள், 1846இல் அவருடைய முறையையே தம் நாட்டில் நிறுத்திவிட்டனர். பிறந்த மண் அவரை ஏற்கவில்லை. எனினும், தொக்குகாவா ஆட்சியினர் 1842இலேயே அவரைத் தம் பணியிற் சேர்த்திருந்தனர். நிக்கோப் பகுதி ஊர்களைச் சீர்திருத்தும் பணி 1853இல் அவரிடம் வந்தது. அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே, 1856இல் இமாயிச்சியில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின், அவர்தம் கொள்கையைப் பின்பற்றிய 'ஹொத்தொக்கு' சங்கங்கள் பல ஊர்களிலும் தோன்றிச் சேமிப்பையும் வட்டியில்லாக் கடனையும் வளர்த்தன. அரசும் அவரைப் போற்றத் தொடங்கியது. விறகுச் சுமையோடு நடந்துகொண்டே நூல் படிக்கும் சிறுவர் கின்ஜிரோவின் சிலை, 1920களிலிருந்து பாடசாலை முற்றங்கள்தோறும் எழுந்தது. போர்க்காலத்தில் வெண்கலச் சிலைகள் பல உருக்கப்பட்டு உலோகமாயின.

அச்சிலை உணர்த்துவது உண்மையேயாயினும், முழு உண்மையன்று. உழைப்பும் சிக்கனமும் ஏழைச் சிறுவருக்கு உரிய பாடம் என்று காட்டுவது ஆள்வோர்க்கு எளிது. சொந்தோக்கு முதலில் எல்லை கட்டியது ஏழையின் அடுப்புக்கன்று; வரி வாங்கும் மாளிகையின் செலவுக்கே. மேலோர் தம் அளவை மீறாதிருந்தாலன்றிக் கீழோரின் உழைப்பு ஊரில் தங்காது என்று அவர் கண்டார். ஒடவாரா அவரை விலக்கியதும் இதனாலேயே. அவர் புகழைப் பாடுவோர், அவர் விதித்த அந்த முதல் நிபந்தனையையும் மறவாதிருத்தல் வேண்டும்.