அங்கவடி இல்லாத குதிரைவீரர்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருந்து மின்தொடர் வண்டியில் சென்ட்ரல் வந்திறங்கி, அண்ணா சாலை நோக்கிப் பேருந்தில் செல்லும் நம் மக்கள், தீவுத்திடலருகே உயர்ந்த பீடத்தின்மேல் வெண்கலக் குதிரையில் வீற்றிருக்கும் ஒருவரைக் கண்டிருப்பர். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ அவர்.

“சாமி, அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டாராம், அந்த வெட்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டாராம். உண்மையா?” என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். நானும் சிறுவயதில் நம்பிய கதைதான் அது.

உண்மை வேறு. சிலை நிறுவப்பட்ட ஆண்டு 1839. அதை வடித்த ஆங்கிலச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி 1841இல் இயற்கையாகவே இறந்தார். இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் அவர் வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் சேணமும் அங்கவடியும் இன்றியே அமர்ந்திருக்கிறார். ஒருவர் இருமுறையா மறப்பார்? பண்டைய உரோமையர் அங்கவடியை அறியாதவர்கள். அக்காலத்து ஆங்கிலப் பிரபுக்கள் தம் நாட்டுப்புற மாளிகைத் தோட்டங்களில் கிரேக்க, உரோமைச் சிலைகளின் படிகளை நிறுத்தி மகிழ்ந்தனர். அந்தச் சுவையே கடல் கடந்து நம் கூவக்கரைக்கும் வந்தது.

இவ்வகைச் சிலைகளின் மூதாதை உரோமை நகரில் இருக்கிறது. அது பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுசின் வெண்கலச் சிலை. அவர் ஆட்சியில்தான் புனித யுஸ்தீன் தலை வெட்டுண்டார், கி.பி. 177இல் லியோன் நகரின் மறைச்சாட்சிகள் இரத்தம் சிந்தினர். பிற பேரரசர்களின் வெண்கலச் சிலைகள் பல உருக்கப்பட்டபோது இது மட்டும் தப்பியது எப்படி? திருச்சபைக்கு விடுதலை வழங்கிய கான்ஸ்டன்டைனின் சிலை இது என்று மக்கள் தவறாக எண்ணியதே காரணம் என்பர் அறிஞர். நூற்றாண்டுகள் பல இலாத்தரன் பேராலயத்தருகே நின்ற அதை, 1538இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் கப்பித்தோல் குன்றுக்கு மாற்றினார். பீடத்தை அமைத்தவர் மைக்கேலாஞ்சலோ. அதற்குள் பெயரின் உண்மை வெளிப்பட்டிருந்தது. ஆயினும் எவரும் அதை உருக்கவில்லை. அறியாமையால் காக்கப்பட்டது, பின்னர் அறிந்தே காக்கப்பட்டது.

நம் ஊரிலும் இதையொத்த சோதனை நிகழ்ந்தது. 1857 கிளர்ச்சியின்போது கொடுமைகள் புரிந்த கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் அறப்போர் நடந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியது. மன்றோவோ நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அவர் குற்றமற்றவர் என்பதாலா? இல்லை. மைசூருக்கு எதிரான போர்களில் வாளேந்தியவர். அந்நிய ஆட்சியின் தூண். அவர் வளர்த்த இரயத்துவாரி முறையில் உழவர்மேல் விழுந்த வரிச்சுமையும் சிறிதன்று. ஆனால் இடைத்தரகரின்றி உழவரோடு நேரில் பேசியவர். இந்தியர் தம்மைத் தாமே ஆளும் நாள் வரவேண்டுமென 1824இலேயே எழுதியவர். தாயகம் திரும்புமுன் தாம் பணியாற்றிய மாவட்டங்களிடம் விடைபெறச் சென்றவர், 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் காலராவுக்கு இரையானார்.

ஒரு சிலையை நிற்கவைப்பதும் வீழ்த்துவதும் வெண்கலத்தின் உறுதியன்று. அதன் நிழலில் நடப்போரின் நினைவே. அந்த நினைவு கட்டுக்கதையில் தங்கிவிடலாகாது. நன்மையை மறைக்காமலும் தீமையை மறக்காமலும் ஒருவரை நினைவுகூர்வது கடினமே. நீதி கேட்பதோ அதைத்தான்.

அச்சிறுவனிடம், “சிற்பி மறக்கவில்லை, தம்பி, மறந்தவர்கள் நாம்தான்” என்றேன். அடுத்த முறை அவ்வழியே செல்கையில், குதிரையின் கால்களை மட்டுமன்றி, அமர்ந்திருப்பவரின் முகத்தையும் சற்று நிமிர்ந்து பாருங்கள்.