ராஜா கப்பலின் ஒட்டுத்துணி விரிப்பு

என் வீட்டில் ஒரு பழைய தகரப்பெட்டி இருக்கிறது. அதில் பொன்னும் இல்லை, பத்திரமும் இல்லை. தையற்காரர் கழித்துப்போட்ட வெட்டுத் துண்டுகளே அதில் நிறைந்திருக்கின்றன. என் தாயார் அவற்றை நிறம் பார்த்து, இழை பார்த்து இணைத்து, குழந்தைகளுக்கு விரிப்பாகத் தைப்பது வழக்கம். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கல்லூரியில் வரலாறு கற்பிப்பது என் தொழில். மாலை வேளையில் துண்டுத் துணிகளை இணைப்பது என் பொழுதுபோக்கு. நெடுநாள்வரை இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இருப்பதாக நான் எண்ணியதில்லை. அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் வரலாறு. ஊசியும் நூலும் வீட்டுக் காரியம் என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு துணி. 1841ஆம் ஆண்டில், கைதிகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில், அக்கைதிகளாலேயே தைக்கப்பட்ட துணி அது. அதைப் படங்களில்தான் கண்டிருக்கிறேன். எனினும் அதன் கதை முழுவதையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை கடலில் தொடங்கவில்லை. லண்டன் மாநகரின் நியூகேட் சிறையில் தொடங்குகிறது. 1813ஆம் ஆண்டில் அச்சிறையின் பெண்கள் பகுதியில் ஏறக்குறைய முந்நூறு பெண்களும், அவர்களுடைய குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தனர். விசாரணைக்குக் காத்திருந்தவள், ரொட்டி திருடியவள், தூக்குத் தண்டனை பெற்றவள் என்ற வேறுபாடு அங்கே இல்லை. உண்பதும் உறங்குவதும் ஒரே இடத்தில்; பலருக்குப் படுக்கை வெறுந்தரைதான். காவலர்களே உள்ளே செல்ல அஞ்சினர். அங்கே துணிந்து நுழைந்தவர் எலிசபெத் ஃப்ரை என்னும் அம்மையார். நார்விச் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் 1780இல் பிறந்தவர். பதினொரு மக்களைப் பெற்றவர். முதன்முதல் அவர் கொண்டுசென்றது அறிவுரை அன்று; சிறைக் குழந்தைகளுக்கு வேண்டிய கம்பளி உடைகள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிரில் நடுங்கும் குழந்தைக்குச் சட்டை கொடுத்த பிறகே தாயிடம் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மையார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அச்சபையார் தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொள்வர். அவர்கள் அந்நாளில் குருமார் இன்றி, சடங்கு இன்றி, அமைதியாக அமர்ந்து வழிபட்டனர். ஒவ்வொரு மனித உள்ளத்திலும் இறைவனுடைய ஒளி உண்டு. அது எவரிடத்தும் முற்றிலும் அணைந்துபோவதில்லை என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கையை ஏட்டளவில் ஒப்புக்கொள்வது எளிது. நியூகேட்டின் கதவைத் திறந்து உள்ளே சென்று, அங்கே கூச்சலிட்டுக்கொண்டிருப்பவளிடத்தும் அந்த ஒளி உண்டு என்று நம்பி நடப்பது வேறு. 1817இல் அம்மையாரும் தோழியரும் ஒரு சங்கம் அமைத்தனர். சிறைக்குள் குழந்தைகளுக்குப் பள்ளி, பெண்களுக்குத் தையலும் பின்னலும், நாள்தோறும் வேதாகம வாசிப்பு. நகர அதிகாரிகள் இது நடவாத காரியம் என்றனர். சில வாரங்களில் வந்து பார்த்து வியந்தனர். மறு ஆண்டில் அம்மையார் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தார். அந்நாளில் ஒரு பெண்மணிக்கு அது மிக அரிய நிகழ்ச்சி.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் நாடு கடத்தல் என்றொரு தண்டனை இருந்தது. ஒரு கைக்குட்டையோ, சில கஜத் துணியோ திருடிய வீட்டு வேலைக்காரி ஏழாண்டுத் தண்டனை பெற்று உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பப்படுவாள். ஆண்டுகள் முடிந்தபின் திரும்பி வரப் பணம் ஏது? பெரும்பாலோர்க்கு அது மீளாப் பயணந்தான். புறப்படும் நாளில் பெண்களைத் திறந்த வண்டியில் விலங்குடன் ஏற்றித் தெருவழியே கொண்டுசெல்வர். கூட்டத்தார் சேறு வாரி எறிவர். அம்மையார் வாதாடி, மூடிய வண்டிகளில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். 1818இல் மரியா என்னும் கப்பலில் 128 பெண்கள் அனுப்பப்படவிருந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. மாதக்கணக்கான கடற்பயணத்தில் இவர்கள் என்ன செய்வார்கள்?

விடை, ஒட்டுத்துணித் தையல். தைத்துப் பழகியவள் என்ற முறையில், இது எத்துணை நுட்பமான தேர்வு என்று எனக்குத் தெரிகிறது. இத்தையலுக்குப் பெரிய மேசை வேண்டாம், மடி போதும். தேர்ந்த கைக்காரியும் அதே நாளில் ஊசி பிடித்தவளும் ஒரே விரிப்பில் வேலை செய்யலாம். கப்பல் ஆடினாலும் சிறு துண்டைத் தைத்து முடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எளிதில் தீராத வேலை இது. துணிக்கும் செலவில்லை, மான்செஸ்டர் பருத்தித் துணி வாணிகம் செய்த லண்டன் கடைக்காரர்கள் கழிவுத் துண்டுகளை வாரிக் கொடுத்தனர். தைத்த விரிப்பை விற்றால் அப்பணம் அவளுடையது. வழியில் ரியோ டி ஜனைரோ துறைமுகத்தில் இத்தகைய விரிப்புகள் விலைபோயின என்றும் குறிப்புகள் உள்ளன. இறங்கும் கரையில் வெறுங்கையுடன் நிற்காமல், சிறிது காசும் ஒரு கைத்தொழிலும் உடன் இருந்தால் புதுவாழ்வு தொடங்கலாம் அன்றோ?

இனி, நான் சொல்லவந்த கப்பலுக்கு வருகிறேன். அதன் பெயர் ராஜா. ஆம், நம் நாட்டுச் சொல்தான். சுமார் 180 பெண் கைதிகளுடன் 1841 ஏப்ரல் 5ஆம் நாள் அந்நாளில் லண்டனுக்கு அருகிலிருந்த உல்விச்சிலிருந்து புறப்பட்டு, ஜூலை 19ஆம் நாள் வான் டீமன் தீவின் ஹோபார்ட் துறைமுகத்தை அடைந்தது, நூற்றைந்து நாட்கள். அத்தீவே இன்றைய டாஸ்மேனியா. ஒவ்வொரு கைதிக்கும் அம்மையாரின் சங்கம் ஒரு பை கொடுத்தது. அதில் நூறு ஊசிகள், குண்டூசிகள், பல நிற நூல்கள், விரற்கூடு, கத்தரிக்கோல், இரண்டு பவுண்டு எடையுள்ள துண்டுத் துணிகள் ஆகியவை இருந்தன. கப்பலில் கேசியா ஹேய்ட்டர் என்னும் இளம் பெண்மணியும் சென்றார். மில்பாங்கு சிறையில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. கைதிகளுக்குத் துணையாகவும் ஆசிரியையாகவும் செல்ல உடன்பட்டவர் அவர். (பயணத்தின்போதே கப்பல் தலைவர் சார்லஸ் பெர்குசனுடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று, இது நம் கதைக்கு வேண்டியதன்று, ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அந்நாட்களில் உருவான விரிப்பு ஏறக்குறைய 325 சென்டிமீட்டருக்கு 337 சென்டிமீட்டர். அதில் 2815 துண்டுகள் உள்ளன. நடுவில் வெண்ணிறச் சதுரம். அதில் சீட்டித் துணியிலிருந்து கத்தரித்த பறவைகளும் பூக்களும் ஒட்டித் தைக்கப்பட்டுள்ளன. அதைச் சுற்றிச் சட்டத்துக்குள் சட்டமாகச் சிறு துண்டுகளாலான வரிசைகள். ஓரத்தில் மீண்டும் மலர்கள். கில்ட் என்னும் ஆங்கிலப் பெயர் இதற்கு வழங்கினும், முறைப்படி இது கில்ட் அன்று. கில்ட் என்றால் இரு துணிகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைத்திருக்க வேண்டும். இதற்கு அடித்துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. தையல்கள் ஒரே சீராகவும் இல்லை. சில இடங்களில் தேர்ந்த கை. சில இடங்களில் நூல் தடுமாறுகிறது. பல கைகள் பட்ட வேலை என்பது பார்த்தவுடன் புலப்படும்.

சீட்டி என்றேனே, அச்சொல் உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளைக் கும்பினிக் கப்பல்கள் பதினேழாம் நூற்றாண்டில் மூட்டை மூட்டையாகக் கொண்டுசென்றன. அவற்றின்மீது ஆங்கிலப் பெண்கள் கொண்ட மோகத்தால் தம் தொழில் கெடுவதாக அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் முறையிட்டனர். அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதே 1721இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அத்தடை 1774இல்தான் நீங்கியது. அதற்குள் அவ்வேலையை அவர்களே கற்றுக்கொண்டனர். பின்னர் லங்காஷயர் ஆலைகளின் துணி நம் சந்தைக்கே வந்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்தது. ராஜா கப்பலில் தைத்த பூக்கள் ஆங்கில நாட்டில் அச்சானவை. ஆனால் பூவுக்குள் பூவாக அவை விரியும் பாங்கு நம் கடற்கரையிலிருந்து போனது.

விரிப்பின் அடிப்புறத்தில், மெல்லிய பட்டு நூலால் சில வரிகள் தைக்கப்பட்டிருக்கின்றன. 1841 ஜூன் என்று தேதி. அதாவது கரை காணுமுன்பே எழுதியது. கப்பல் குழுவின் சீமாட்டியருக்கு ராஜா கப்பலின் கைதிகள் நன்றியுடன் அளிப்பது இது. தங்கள் நலத்துக்காக அவர்கள் பட்ட பாட்டை மறக்கவில்லை. உழைப்புடன் வாழவேண்டும் என்ற அறிவுரையையும் புறக்கணிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர்கள் சற்று நிற்கவேண்டும். இச்சொற்கள் யாருடையவை? எழுத்தே அறியாத பெண்கள் பலர் இருந்த கப்பலில், இத்துணை சீரான வாசகத்தை அமைத்தவர் கைதியா, மேற்பார்த்தவரா? காவலில் இருப்பவர் கூறும் நன்றியை நாம் எவ்வளவு நம்பலாம்? சந்தேகம் நியாயமானதே. நானும் நெடுநாள் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் ஒரு விரிப்புக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. சொல்லை ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். 2815 துண்டுகளை ஒருவர் அதட்டித் தைக்கவைப்பது அரிது. வேண்டாவெறுப்பாகத் தைப்பவள் பறவையின் இறகோரத்தை அவ்வளவு பொறுமையாகக் கத்தரிக்கமாட்டாள். விற்றுக் காசாக்கக் கூடிய பொருளை அவர்கள் பரிசாக அனுப்பினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அச்செயலில் ஒரு பகுதியேனும் அவர்களுடைய சொந்த விருப்பம் என்றே நான் கருதுகிறேன்.

கரையிறங்கிய பின் நேர்ந்ததை மறைத்துப் பேசினால் நான் பொய் சொன்னவளாவேன். ஹோபார்ட்டில் பெண் கைதிகளுக்கென இருந்த காஸ்கேட்ஸ் தொழிற்கூடம் ஈரமும் குளிரும் நிறைந்த பள்ளத்தாக்கில் அமைந்த சிறை. அங்கே குழந்தைகள் மிகுதியாக இறந்தன. வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்கள் சிலர் நல்ல எஜமானரைப் பெற்றனர், சிலர் பெறவில்லை. திருமணம் செய்து, நிலம் உழுது, பேரப்பிள்ளைகளைக் கண்டவர்களும் உண்டு. மீண்டும் மீண்டும் தண்டனைப் பதிவேட்டில் ஏறியவர்களும் உண்டு. இன்னொன்று. அத்தீவு ஆளற்ற தீவன்று. இவர்கள் புதுவாழ்வு தேடி இறங்கிய மண்ணிலிருந்து அதன் பூர்வகுடி மக்கள் விரட்டப்பட்டு, எஞ்சிய சிலர் அப்போது பிளிண்டர்ஸ் தீவில் ஒதுக்கப்பட்டு மாண்டுகொண்டிருந்தனர். ஒருவருடைய தொடக்கம் மற்றொருவருடைய முடிவின்மேல் அமைந்தது. இதற்காக அந்த ஏழைப் பெண்களைக் குறைகூறேன். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

ஊசியையும் வேதத்தையும் சேர்த்து எடுத்துச்சென்ற பெண்கள் அக்காலத்தில் நம் பக்கத்திலும் இருந்தனர். நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் போன்ற நுண்ணிய லேஸ் வேலையைக் கற்பித்தார். அடிமைக் குலத்துப் பெண்கள் சிலர் அந்த வருமானத்தால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அத்தொழிலும் உடன் வந்தது. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள்.

வான் டீமன் தீவுக்கு நாடு கடத்தல் 1853இல் முடிந்தது. எலிசபெத் ஃப்ரை அதைக் காணவில்லை, 1845இல் காலமானார். கைதிக் கப்பல்களில் தைத்த எத்தனையோ விரிப்புகளில் ராஜா கப்பலின் விரிப்பு ஒன்றுதான் எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. அது ஸ்காட்லாந்து நாட்டில் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1987இல் வெளிச்சத்துக்கு வந்து, 1989இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் கெடும் என்பதால் எப்போதாவதுதான் அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். தைத்தவர்கள் எவரும் அதில் தம் பெயரைத் தைக்கவில்லை. கப்பலின் பெயர் இருக்கிறது; கைதிகள் என்ற சொல் இருக்கிறது; நூல் தடுமாறிய இடங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை எவரும் பிரித்துத் திருத்தித் தைக்கவில்லை.