மலபார் சடங்குச் சர்ச்சை

கிறித்தவராகும் தமிழர் தாலி, சந்தனம், குடுமி, பூணூல் ஆகியவற்றைத் தொடரலாமா என்று 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் எழுந்த நீண்ட வழக்கு. பெயரில் மலபார் இருந்தாலும் களம் தமிழகமே.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, புலால் நீக்கி வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அதை ஏற்றார். 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் பல சடங்குகளுக்குத் தடை விதித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் அதில் அடங்கும். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் தடையை உறுதிப்படுத்தினார். ஆயினும் தாலி மறையவில்லை. சிலுவையோ புறாவோ பொறித்துக் கட்டினார்கள். மக்களின் இந்த விடையே அறிஞர் வாதங்களைவிட நிலைத்தது.

இதே கேள்வி தொடக்ககாலத் திருச்சபைக்கும் உண்டு. ரோமில் கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25 என்பதற்கான பழைய சான்று 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. அதே நாள் சூரியக் கடவுளின் விழாவாகவும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. எது எதிலிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை. இந்தச் சான்றை மட்டும் கொண்டு கிறித்தவமே பிற சமயத்தின் நகல் என்பது மிகை.

தமிழகச் சடங்குகள் மீதான தடையைக் கடைப்பிடிப்பதாக இந்திய மறைபணியாளர் எடுத்துவந்த உறுதிமொழியை ரோம் 1940இல் நீக்கியது.