கணக்கு மென்பொருள்: காரைக்கால் வட்டார வரலாறு

கணக்கு மென்பொருள் என்பது ரொக்கப் புத்தகம், பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைக் கணினியில் எழுதி, அந்தப் பதிவுகளிலிருந்தே வரிப் படிவங்களையும் எடுத்துத் தரும் நிரல். ஆடிட்டர் அலுவலகப் பேச்சில் இதற்கு ‘டாலி’ என்றே பெயர். வேறு நிரலில் எழுதினாலும் ‘டாலி போட்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். இதன் வரலாற்றைப் படிக்கக் காரைக்கால் வசதியான இடம். புதுச்சேரியைச் சேர்ந்த இந்த மாவட்டத்தை நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாடு சூழ்ந்திருக்கிறது. பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் பேர்பெற்ற அம்பகரத்தூரில் கடை வைத்திருப்பவருக்கு, மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் பேரளம் வேறு மாநிலம். மற்ற ஊர்க் கணக்கில் எப்போதாவது தலைகாட்டும் மாநிலம் கடந்த விற்பனை இங்கே அன்றாடம். மென்பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் அதனால் இங்கே சீக்கிரம் வெளிப்பட்டுவிடுகிறது.

டாலி பிறந்த கதை இது: தம் தொழிலுக்கேற்ற கணக்கு நிரல் கிடைக்காத ஷ்யாம் சுந்தர் கோயங்கா, அதை மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-இல் அவர்கள் தொடங்கிய பியூட்ரானிக்ஸ், 1999-இல் டாலி சொல்யூஷன்ஸ் ஆனது. கணக்குத் தலைப்புகளுக்கு எண் குறியீடு கொடுக்க வேண்டியதில்லை என்பதே இந்த நிரலின் பெரிய வசதி. பற்று வரவு தெரிந்த கணக்கப்பிள்ளை, பேரேட்டில் எழுதிய அதே பெயரைத் திரையிலும் எழுதலாம். அந்த எளிமையே அதைச் சிற்றூர்வரை கொண்டுபோனது. அதன் குறையும் அங்கேதான் தொடங்கியது. காகிதப் பழக்கம் அப்படியே கணினிக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டு முடிந்ததும் பில் கட்டுகள் பையில் வந்து இறங்கும். தணிக்கைக் கெடுவுக்குள் ஒருவர் உட்கார்ந்து மொத்தத்தையும் தட்டுவார். இதில் மென்பொருள் வேகமாக எழுதும் பேனா, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது விற்பனையாளரின் விளம்பரமன்று, வரிச் சட்டம். 2006-இல் நிறுவனங்களின் வருமான வரிப் படிவம் மின்வழியே வர வேண்டும் என்றானது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-லும் புதுச்சேரியில் அதே ஆண்டு ஜூலை 1-லும் மதிப்புக்கூட்டு வரி வந்தது. இடைப்பட்ட ஆறு மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் புது வரி, இந்தப் பக்கம் 1967-ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம். அடுத்துச் சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-இல் தொடங்கியது. (1949-இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் பிறந்ததும் ஜூலை 1-தான், ஆடிட்டர்களின் கொண்டாட்ட நாளில் வேலை வந்து சேர்ந்தது.) இனி ஆண்டுக்கு ஒரு முறை தட்டினால் போதாது. 2020 ஆகஸ்டிலிருந்து, விற்றவர்கள் காட்டிய பில்களை வாங்கியவருக்கு மாதாமாதம் பட்டியலிடும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வந்தது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் படிவத்தில் காட்டாத பில்லுக்கு வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்தவர் கடையின் பதிவு நம் வரியைத் தீர்மானிக்கும் நிலை இது. ஆகவே மென்பொருளால் பயன் கிடைப்பது, பதிவு எப்போது, யார் கையால் நடக்கிறது என்பதை அலுவலகம் மாற்றிக்கொண்டால் மட்டுமே. நிரலை மாற்றுவது அதற்குப் பிறகான சங்கதி.

இதற்கு முதல் மறுப்பு, நிரலே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பது. வரிப்பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. அதைப் பார்த்து, மாநிலம் கடந்த விற்பனைக்கான ஐஜிஎஸ்டியா, மாநிலத்துக்குள்ளான விற்பனைக்குரிய சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டியா என்று நிரல் பிரித்துவிடும். உண்மைதான், வாங்குபவரிடம் எண் இருக்கும்வரை. பேரளத்திலிருந்து மிக்ஸி வாங்க வருகிறவரிடம் ஏது எண்? 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பதிவில்லாதவருக்கு விற்கும்போது பில்லில் எழுதிய முகவரியே விற்பனை நடந்த இடம். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம். மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் அது முகவரியாகவே கொள்ளப்படும். கல்லாவில் இருக்கும் பையன் மாநிலக் கட்டத்தில் ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுத்தால், நின்ற இடத்திலேயே கைமாறிய மிக்ஸி மாநிலம் கடந்த விற்பனை ஆகிவிடும். இணக்கமுறையில் (காம்போசிஷன்), அதாவது விற்றுமுதலில் ஒரு சிறு விகிதமாக வரி கட்டும் கடைக்கு அப்படிப்பட்ட விற்பனைக்கே அனுமதியில்லை. மற்ற கடைக்காரர் தவறான தலைப்பில் வரி கட்டியிருந்தால், சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு முன்னதைத் திருப்பிக் கேட்க வேண்டும். வட்டி இல்லை என்பது ஆறுதல். பணம் முடங்குவது முடங்குவதுதான். நிரல் கொடுத்ததைக் கூட்டும். எதைக் கொடுப்பது என்ற முடிவு கல்லாவில், பில் போடும் கணத்தில் எடுக்கப்படுகிறது. மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்தில் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்.

இரண்டாவது மறுப்புக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு: சிறு அலுவலகத்துக்கு இத்தனை செலவு தாங்காது என்பது. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு சரக்கு சேவை வரியின் கணினி வலையமைப்பை நடத்தும் ஜிஎஸ்டிஎன் அமைப்பே இலவசமாகக் கணக்கு நிரல் தர ஏற்பாடு செய்தது. உரிமத்தின் விலையைவிட, கடைக்குப் போய்க் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம்தான் உண்மையான செலவு. அதை எந்த அலுவலகமும் கட்டணச் சீட்டில் தனியாகக் காட்டுவதில்லை. வாடிக்கையாளரும் கொடுக்க மாட்டார்.

சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய். புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றுகொண்டது. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வரிக்குரிய சரக்கை மாநிலம் கடந்து விற்றால் அந்த 20 லட்சமும் கணக்கில்லை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். சரக்கு வண்டிக்கும் அப்படியே: தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் இ-வே பில் என்ற மின்வழிப் போக்குவரத்துச் சீட்டு, அம்பகரத்தூரிலிருந்து பேரளம் போகும் வண்டிக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலே எடுத்தாக வேண்டும்.