எலெக்ட்ரீஷியனுக்காகப் பிறந்த ஏணி

ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ரிலே பேனல் நினைவிருக்கும். பீரோ மாதிரி நிற்கும். கதவைத் திறந்தால் வரிசை வரிசையாக ரிலேக்கள், கட்டுக்கட்டாக வயர்கள், ஓயாத டக் டக் சத்தம். எது முதலில் ஓட வேண்டும், எது பிறகு ஓட வேண்டும் என்பதை அந்த வயரிங்தான் தீர்மானிக்கும்.

1960-களில் அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. புது மாடல் வரும்போதெல்லாம் பேனல்களின் வயரிங்கையும் மாற்ற வேண்டும். 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்களுக்கு மாற்றாக ஓர் எலெக்ட்ரானிக் சாதனம் கேட்டது. அதே ஆண்டு ஜனவரி 1 அன்றே, மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் டிக் மோர்லி அப்படியொரு சாதனத்தைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தார். அதிலிருந்து வந்ததுதான் மோடிகான் 084. நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். இன்றைய பி.எல்.சி.க்களுக்கு அதுதான் மூத்த அண்ணன்.

சாதனம் தயார். அதோடு எந்த மொழியில் பேசுவது? இரவு ஷிப்டில் மெஷின் நின்றால் ஓடி வருபவர் எலெக்ட்ரீஷியன். கம்ப்யூட்டர் மொழி அவருக்குத் தெரியாது. ரிலே சர்க்யூட் படம் தலைகீழ்ப் பாடம். ஆகவே அந்தப் படத்தையே மொழியாக்கினார்கள். இரண்டு பக்கமும் நெடுங்கோடு, நடுவே படிகள். படியின் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். ஸ்டார்ட் பட்டன் அழுத்தப்பட்டு, ஸ்டாப் தொடப்படாமல் இருந்தால் மோட்டார் ஓடும். ஸ்டார்ட்டுக்கு இணையாக மோட்டாரின் காண்டாக்ட் ஒன்றைப் போட்டால், கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஆலைக்கு முதல் பி.எல்.சி. வந்தபோது, இனி நமக்கு வேலை இருக்குமா என்று மூத்த எலெக்ட்ரீஷியன்கள் கலங்கினார்கள். திரையில் தெரிந்த ஏணியைப் பார்த்ததும் பாதிக் கலக்கம் போய்விட்டது. அது அவர்கள் முப்பது வருடமாகப் பென்சிலால் வரைந்த படம்.

மீதிப் பாதியைப் படித்துத்தான் தாண்ட வேண்டியிருந்தது. பேனலில் எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். பி.எல்.சி.யோ இன்புட்களைப் பார்த்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாகக் கணக்கிட்டு, அவுட்புட்களை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்த சிக்கல் ஸ்டாப் பட்டன். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக, அழுத்தாதபோது மின்சாரம் பாயும்படிதான் அதை இணைப்போம். ஆகவே பேனல் படத்தில் அது மூடிய காண்டாக்ட். புரோகிராமில் அதே பட்டனைத் திறந்த காண்டாக்டாகப் போட வேண்டும். ஏனென்றால் இன்புட் வந்துகொண்டே இருக்கிறது. புதியவர்களைவிடப் பழையவர்களே இங்கே அதிகம் தடுமாறினார்கள்.

1993-இல் வந்த ஐ.இ.சி. சர்வதேசத் தரத்தில் வேறு மொழிகளோடு ஏணிக்கும் இடம் கிடைத்தது. இன்றும் ஆலைகளில் அது ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் யாராவது பி.எல்.சி. படிக்கப் போனால், முதலில் இரண்டு பட்டனும் ஒரு ரிலேயும் வாங்கி வயரிங் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏணி தானாகப் புரியும்.