விற்ற பிறகு வரும் ஏக்கம்: மோரிஸ் மைனர் சொல்லும் வரலாறு

வீட்டு வாசலில் ஒரு காலத்தில் நின்ற காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூத்தவர்கள் பலர் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்கள். “அதை விற்காமல் வைத்திருந்திருக்கலாம்.” மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்படிப் பெருமூச்சு விட வைக்கும் வாகனங்களில் ஒன்று மோரிஸ் மைனர்.

1948-ஆம் ஆண்டு லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமான வாகனம் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் வெளிவந்த மினி காரும் இவருடைய படைப்புதான். மைனரின் மாதிரி வண்டி தயாரானபோது அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவு செய்தார். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கோ இதன் உருண்டை வடிவம் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை போல் இருப்பதாகக் கேலி செய்தார். அந்த ‘முட்டை’தான் 1960 டிசம்பரில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் ஆனது.

மலாயாவுக்கு வந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. ஆகவே பிரிட்டிஷ் கார்கள் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரையிலான அதே ஆண்டுகளில்தான் ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் தோட்டத்துக் கிராணிமார்களும் தங்கள் முதல் காரை வாங்கத் தொடங்கினர். சைக்கிளில் வேலைக்குப் போன ஒருவர் வாங்கிய அந்தச் சிறிய கார், குடும்பம் ஒரு படி ஏறியதன் சாட்சியாக வாசலில் நின்றது.

ஓட்டுவதே ஒரு கலை. காலையில் சோக்கை இழுத்துவிட்டுத்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். பேட்டரி கைவிட்டால் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் பற்கள் உரசிக் கத்தும். 1961-க்கு முந்தைய வண்டிகளில், திரும்பும் பக்கத்தைக் காட்ட கதவுத் தூணிலிருந்து சிறிய கை ஒன்று மேலெழும். சில வேளை அது எழ மறுக்கும். ஓட்டுநர் தம் கையை நீட்ட வேண்டியதுதான்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போவதென்றால் அன்று நெடுஞ்சாலை கிடையாது. தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ வழியே பழைய சாலை. பட்டர்வொர்த்தில் காரோடு பெரிக்காகக் காத்திருப்பு. ஒரு நாள் பயணம்தான் என்றாலும் பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா.

மறைந்தது எப்படி?

1967-இல் ஷா ஆலாமில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. 1970-களில் டட்சன் 120ஒய் போன்ற ஜப்பானிய கார்கள் சாலைகளை நிறைத்தன. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. அந்த வேகத்துக்கு மோரிஸ் ஈடுகொடுக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் காரணம் வேறு. 1975-இல், பழைய காரை ஒப்படைத்துப் புதியது வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணச் சலுகை அறிமுகமானது. 1990-இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தது. அதன் ஆயுள் 10 ஆண்டுகள். புதுப்பிக்கப் பெருந்தொகை கட்ட வேண்டும். நன்றாக ஓடும் காரைக்கூட ஆசைக்காக வைத்திருப்பது பலருக்குக் கட்டுபடியாகாமல் போனது. மலேசியாவில் இத்தகைய வயது வரம்பு இல்லாததால்தான் பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் சில மைனர்கள் உருள்கின்றன.

இங்கும் இழப்புக்குக் குறைவில்லை. புதுக் கார் வந்த வாரமே பழையது இரும்புக்கடைக்குப் போனது. அதோடு சக்கர மூடிகள், கருவிப் பெட்டி, கையேடு, பழைய எண் பலகை எல்லாம் போயின. கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாகி ‘டபிள்யூ’ எழுத்தைப் பெறுவதற்கு முன், அங்குள்ள கார்களும் சிலாங்கூரின் ‘பி’ எழுத்தையே தாங்கின. ஒரு பழைய பலகை நாட்டின் வரலாற்றையே சொல்லும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

விற்றவர்களைக் குறை கூற முடியாது. பிள்ளையின் கல்விக் கட்டணமோ மகளின் கல்யாணமோ அந்த முடிவுக்குப் பின்னால் இருந்திருக்கும். போன காரைத் திரும்பக் கொண்டுவரவும் இயலாது. ஆனால் அலமாரியில் கிடக்கும் பழைய கிராண்ட், காரின் முன் நின்று எடுத்த படம், அதை ஓட்டியவரின் நினைவு ஆகியவை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. படத்தின் பின்புறம் ஆண்டையும் ஊரையும் எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும். ஓட்டியவர் உடனிருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது.